பொழுதுபோக்குச் சிகிச்சையும் மறுவாழ்வுப் பணியும்: நெல்லைச் சீமையிலிருந்து படிக்க விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

ரெக்ரியேஷனல் தெரபி, அதாவது பொழுதுபோக்குச் சிகிச்சை, என்ற பெயரிலேயே ஒரு பட்டப்படிப்பு வேண்டும் என்று திருநெல்வேலியில் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினால் நேரம்தான் வீணாகும். அமெரிக்காவில் அது தனிப் படிப்பு, தனித் தொழில். இங்கே அதே வேலையை அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும், சிறப்பாசிரியரும், மனநல சமூகப் பணியாளரும், சில இடங்களில் உடற்கல்வி ஆசிரியரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்துவருகிறார்கள். ஆகவே என் யோசனை இதுதான்: சட்டப்படி அங்கீகாரமுள்ள ஓர் அடிப்படைப் படிப்பை முதலில் முடியுங்கள். விளையாட்டையும் கலையையும் சிகிச்சையாகப் பயன்படுத்தும் திறமையை அதன்மேல் கட்டுங்கள். இந்த வரிசையை மாற்றிக்கொண்டால் கையில் அழகான சான்றிதழ் இருக்கும். வேலைக்கு எடுக்க ஆள் இருக்காது.

முதல் படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

பனையேறும் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபடுகிறது. திசையன்விளைப் பக்கம் இது கேள்விப்படாத கதையல்ல. அறுவைச் சிகிச்சை முடிகிறது. பிசியோதெரபிஸ்ட் தோளையும் கையையும் பலப்படுத்துகிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும், தானே குளிக்கவும் பழக்குகிறார். வீட்டுக்கு வந்தாயிற்று. மாலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை அவர் என்ன செய்வார்? டீக்கடை பெஞ்ச் போயிற்று, கபடி போயிற்று, கோயில் கொடையில் முன்னால் நிற்கும் இடம் போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்குப் படுக்கைப்புண் வருகிறது, மனச்சோர்வு வருகிறது, சில வீடுகளில் குடியும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஆறு மணி நேரத்தைக் குறிக்கோள் வைத்து, திட்டமிட்டு மீட்டுக் கொடுப்பதே பொழுதுபோக்குச் சிகிச்சை.

திட்டம் என்பதுதான் இதில் முக்கியம். வார்டில் டிவியைப் போட்டுவிடுவதும், பண்டிகை நாளில் பாட்டுக் கச்சேரி வைப்பதும் நல்ல காரியங்கள்; சிகிச்சை அல்ல. சிகிச்சையில் மதிப்பீடு உண்டு, திட்டம் உண்டு, நடத்துவது உண்டு, பலன் வந்ததா என்று அளப்பது உண்டு, ஒவ்வொன்றையும் எழுதிவைப்பதும் உண்டு.

லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்ட போர் வீரர்களுக்கு விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 1948 ஜூலை 29 அன்று, சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அது. விளையாட்டு வெறும் பொழுதைக் கழிக்கும் சமாச்சாரம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்தியச் சட்டமும் இப்போது இந்தப் பணியை அறிந்திருக்கிறது. இணை சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன் அட்டவணையில் அசைவுச் சிகிச்சையாளர் என்ற தலைப்பின் கீழ் கலை, நடனச் சிகிச்சையாளர்களோடு பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. அதற்கேற்ற பட்டப்படிப்பு ஊர் ஊராக வரக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உங்களுக்குரிய வாசலைத் தேர்ந்தெடுங்கள்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை ஆக்குபேஷனல் தெரபி (சுருக்கமாக ஓ.டி.), அதாவது பி.ஓ.டி. பட்டம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை முதல் ஐந்து ஆண்டு ஆகும். உடற்கூறியல், நரம்பியல், மனநலம், குழந்தை வளர்ச்சி எல்லாம் வரும். மனிதர் செய்யும் எந்தச் செயலையும் பகுத்துப் பார்க்கும் பயிற்சி இந்தப் படிப்பின் உயிர்நாடி. நமக்கு வேண்டியதும் அதுதான். பிசியோதெரபி தெரிந்த பெயர் என்பதால் பெற்றோர் அதையே விரும்புவார்கள். அதுவும் நல்ல வாசல்தான். ஆனால் மனநலமும் விளையாட்டும் ஓ.டி.யில் இருக்கும் அளவுக்கு அதில் இல்லை.

தமிழ்நாட்டில் பி.ஓ.டி. படிக்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.எச். போன்ற இடங்கள் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம். மறுவாழ்வுத் துறையின் பல படிப்புகள் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். நேரில் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவது நல்லது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வை நடத்துகிறது. தேசிய ஆணையம் வந்த பிறகு சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டு வருகின்றன. அண்ணன் சேர்ந்தபோது இப்படி இருந்தது, அக்கா சேர்ந்தபோது அப்படி இருந்தது என்ற பேச்சை நம்பாமல் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிவு வருமுன்பே எடுத்து வைத்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்கும் வரிசை உங்களுக்கே தெரியும்.

உயிரியல் இல்லாதவர்களுக்கு வாசல் அடைபட்டுவிடவில்லை. சிறப்புக் கல்வியில் டிப்ளமோ இரண்டு ஆண்டு; எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் சேரலாம். ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்கள் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கலாம். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. உளவியலோ சமூகவியலோ படித்துவிட்டு, மருத்துவ மற்றும் மனநலப் பிரிவைச் சிறப்புப் பாடமாக எடுத்துச் சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. முடிப்பது இன்னொரு வழி. மனநல மறுவாழ்வில் மேலே போக விரும்புவோர் அதன் பிறகு பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸில் மனநல சமூகப் பணியில் மேற்படிப்பு வரை போகலாம்.

விளையாட்டில் நாட்டமுள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாவட்ட அளவில் ஓடியவர்களும் கபடி ஆடியவர்களும் நம் பக்கம் நிறைய. அவர்களில் பலர் உடற்கல்விப் பட்டம் பெற்றுப் பள்ளி வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் கல்வி நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற உடற்கல்வியைத் தனித் துறையாகவே நடத்துகிறது. அதே வளாகத்தில் சிறப்புக் கல்வித் துறையும் உண்டு. விளையாட்டுத் திடலில் இருந்து இந்தத் தொழிலுக்கு வருவதற்கு அதைவிடச் சுருக்கமான பாதையை நான் பார்க்கவில்லை.

நீண்ட படிப்புக்கு வசதியில்லை, உடனே களத்தில் இறங்க வேண்டும் என்றால், ஊரகத்தில் மாற்றுத்திறனாளிகளோடு பணிபுரிவோருக்கான ஆறு மாதப் பயிற்சி ஒன்று 2021-இல் தொடங்கப்பட்டது. மறுவாழ்வுப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு மன்றமும் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வடிவமைத்தது. சமூகம் சார்ந்த உள்ளடக்கிய வளர்ச்சி என்பது அதன் பெயர். படிக்கட்டின் கீழ்ப்படியாக மட்டும் அதைக் கருதுங்கள்.

மூன்றாம் படி: பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைப் பாருங்கள்

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம், ஆகவே கறாராகச் சொல்கிறேன். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இல் இயற்றப்பட்டது. சிறப்பாசிரியர், பேச்சு மற்றும் கேட்பியல் வல்லுநர், மறுவாழ்வு உளவியலாளர், மறுவாழ்வு சமூகப் பணியாளர் உட்படப் பல பிரிவினர் அந்த மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் சேர்த்த பிறகே மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில்முறையில் சேவை செய்யலாம். ஆக்குபேஷனல் தெரபியும் பிசியோதெரபியும் அந்த மன்றத்தின் கீழ் வருவதில்லை. அவை 2021-ஆம் ஆண்டு ஆணையத்தின் கீழ் வருகின்றன. உங்கள் படிப்பு இந்த இரண்டில் எதன் கீழ் வருகிறது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வாய்வழிப் பதில் வேண்டாம். அனுமதிக் கடித எண்ணையும், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் குறித்துக்கொண்டு, மன்றத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே பாருங்கள். போன ஆண்டு அனுமதி இருந்த கல்லூரிக்கு இந்த ஆண்டு இல்லாமல் போகலாம்.

கலைச் சிகிச்சை, நடனச் சிகிச்சை, இசைச் சிகிச்சை என்று மூன்று நாள் பயிலரங்குகள் நடக்கின்றன. அடிப்படைப் பட்டம் உள்ளவருக்கு அவை பயன்படும். பட்டம் இல்லாமல் அந்தச் சான்றிதழை மட்டும் காட்டித் தன்னைத் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வது நோயாளிக்கும் ஆபத்து, சொல்பவருக்கும் ஆபத்து.

நான்காம் படி: படிக்கும்போதே களத்தைப் பாருங்கள்

இந்த விஷயத்தில் நெல்லைப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி 1890-இலும் காதுகேளாதோர் பள்ளி 1897-இலும் தொடங்கப்பட்டன. நாட்டின் மிகப் பழைய சிறப்புப் பள்ளிகளில் இவையும் அடங்கும். ஐகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கியது அது. பின்னாளில் சங்கரராமன் அவரோடு சேர்ந்துகொண்டார். அவரும் சக்கர நாற்காலியில் இயங்குபவர். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மறுவாழ்வு என்பது ஒரு கிராமத்தின் அன்றாட வாழ்க்கைக்குள் எப்படிக் கலந்திருக்க முடியும் என்று பார்க்க அந்த வளாகத்துக்கு ஒரு நாளாவது போய் வாருங்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுப் போவது மரியாதை.

அருகிலேயே இன்னும் எளிதாகப் பார்க்கக்கூடியது வட்டார வள மையம். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் அங்கிருந்துதான் வேலை செய்கிறார்கள். பொறுப்பாளரிடம் கல்லூரிக் கடிதம் கொடுத்து, சிகிச்சை நடக்கும் நாளில் ஓரமாக உட்கார்ந்து கவனிக்க அனுமதி கேளுங்கள். குழந்தையோடு படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். பெற்றோர் சம்மதித்தாலும் போடாதீர்கள். மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் கொடுக்கும் சம்மதம் அது.

கவனிக்கும்போது ஒரு குறிப்பேடு வையுங்கள். பெயர் வேண்டாம். வயது, குறைபாடு, என்ன செயல் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார், எந்த இடத்தில் முகம் மாறியது. கடைசிக் கேள்விதான் உங்களைத் தெரபிஸ்டாக்கும்.

பாளையங்கோட்டை பக்கத்தில் இருக்கும்போதே இந்திய சைகை மொழியும் பிரெய்லும் அடிப்படை அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். காதுகேளாத இளைஞர்கள் கூடும் இடத்தில் பழகினால் சைகை மொழி எந்த வகுப்பையும்விட வேகமாக வரும்.

ஐந்தாம் படி: ஒரு விளையாட்டைப் பிரித்துப் போடப் பழகுங்கள்

பாடப்புத்தகங்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பவுலிங், கோல்ஃப், கயாக் படகு. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் அவற்றுக்கு வேலையில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, கைநிறைய முத்து. ஒரு குழியை அள்ள ஐந்து விரலும் சேர வேண்டும். ஒவ்வொன்றாகப் போட, அள்ளிய முத்துகளை உள்ளங்கையில் பிடித்தபடியே பெருவிரலும் சுட்டுவிரலும் தனியாக இயங்க வேண்டும். இது சாதாரணக் கைவேலை அல்ல. பக்கவாதத்தில் முதலில் போவதும் கடைசியில் திரும்புவதும் இந்த நுணுக்கம்தான். சுற்றிப் போடும்போது கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறம் போகிறது. நான்கு முத்து சேர்ந்து பசு ஆகும் குழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது கவனம். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று மனக்கணக்கு, அது திட்டமிடல். முறை வரும்வரை பொறுத்திருப்பது, தோற்றால் சிரிப்பது, எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது எல்லாம் சமூகத் திறன். இப்படி உடல், அறிவு, மனம், உறவு என்று ஒரு செயலைப் பகுத்துப் பார்ப்பதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். தினமும் ஒரு விளையாட்டை இப்படி எழுதிப் பாருங்கள்: தாயம், நொண்டி, கழங்கு, கோலம், ஓலை முடைதல், வில்லுப்பாட்டில் குடம் தட்டுவது.

அடுத்து, அதை நோயாளிக்கு ஏற்ப மாற்றுவது. பிடி பலவீனமா, புளியங்கொட்டைக்குப் பதில் பெரிய புன்னைக்கொட்டை. பலகை நகர்கிறதா, கீழே ஈரத்துணி. இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடும் பக்கவாத நோயாளியா, பலகையைச் சற்று இடப்பக்கம் தள்ளிவைத்து, ஓரக் குழிக்குப் பளிச்சென்ற நிறம் பூசுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டாம். பார்க்க அழகு, கடித்து விழுங்கினால் கொடிய விஷம். எதையும் வாயில் வைக்கும் குழந்தையோ, மறதி நோயுள்ள முதியவரோ இருக்கும் அறையில் அது இருக்கவே கூடாது.

ஆறாம் படி: மதிப்பீடும் திட்டமும் எழுதப் பழகுங்கள்

முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் ஓர் ஆச்சி, வயது அறுபது, வலப்பக்கம் பக்கவாதம் என்று வைத்துக்கொள்வோம். அச்சிட்ட படிவத்தில் உள்ளபடி உங்கள் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டால், அப்படி ஒன்றும் கிடையாது தம்பி, பிறந்ததிலிருந்து வேலைதான் என்பார். உண்மைதான். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஓய்வு என்று தனியாக ஒரு நேரமே இருந்ததில்லை. அவர்களின் சந்தோஷம் வேலைக்குள்ளேயே இருந்தது. ஆகவே வேறு மாதிரி கேளுங்கள். இலை வெட்டும்போது யார் யார் சேர்ந்து உட்காருவீர்கள்? என்ன பேச்சு ஓடும்? ரேடியோ யார் வைப்பார்கள்? வெள்ளிக்கிழமை எந்தக் கோயில்? இப்போது சொல்வார். சுளகை மடியில் வைத்துக்கொண்டு நான்கு பெண்கள் திண்ணையில் பேசிய பேச்சுதான் அவர் இழந்தது. பீடியின் வருமானம் அதற்குப் பிறகு.

திட்டம் இப்படி வரும். குறிக்கோள்: எட்டு வாரத்தில், திண்ணையில் சாய்மானம் இல்லாமல் 20 நிமிடம் உட்கார்ந்து, இரண்டு தோழிகளோடு வாரம் மூன்று மாலை பல்லாங்குழி ஆட வேண்டும், ஆட்டத்தில் பாதி முறையாவது வலது கையால் முத்து போட வேண்டும். இதில் நேரம், இடம், அளவு, துணை எல்லாம் இருக்கின்றன. ஆச்சி மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று எழுதினால் எதை அளப்பீர்கள்? ஒவ்வொரு சந்திப்புக்கும் மூன்று வரி போதும்: எவ்வளவு நேரம், எவ்வளவு உதவி, என்ன சொன்னார். எட்டாம் வாரத்தில் நீங்கள் போகாத மாலையிலும் ஆட்டம் நடந்தால் திட்டம் வென்றது. நீங்கள் போனால்தான் நடக்கிறது என்றால் திருத்தி எழுத வேண்டும்.

பாதுகாப்பும் திட்டத்தில் அடங்கும். முதுகுத்தண்டு மேல்பகுதியில் அடிபட்டவரைத் தேரோட்டம் பார்க்க அழைத்துப் போவது அருமையான யோசனை. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே அவர் உடல் சரியாக வியர்க்காது. ஆனி மாத வெயிலில் உச்சி நேரம் தவிர்க்க வேண்டும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கையில் அழுத்தம் மாற்ற வேண்டும். திடீர்த் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் சிறுநீர்ப்பை நிறைந்து ரத்த அழுத்தம் எகிறியிருக்கலாம். உடனே நிமிர்ந்து உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர் அவரை வெளியே அழைத்துப் போகக் கூடாது.

மனநலப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியைக் கட்டிவைக்காமல் அவருடைய பகலை எப்படி நிரப்புவது என்ற கேள்வி நம் தென்மாவட்டங்களில் அப்படித்தான் உரக்க எழுந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் பகல்நேர மறுவாழ்வை நீண்டகாலமாக நடத்திவருகிறது. பயிற்சிக்கு இடம் கேட்கத் தகுந்த இடம்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் சான்று சி.டி.ஆர்.எஸ். அதை 1981-இல் தொடங்கிய ஒரு தேசியச் சான்றளிப்பு மன்றம் வழங்குகிறது. இத்துறையில் இளங்கலைப் பட்டம், சான்று பெற்ற மூத்தவரின் மேற்பார்வையில் தொடர்ச்சியாக 14 வாரத்துக்குக் குறையாமல் 560 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு என்பது வழக்கமான பாதை. சில மாநிலங்களில் தனி உரிமமும் வேண்டும். இங்கே பெற்ற ஓ.டி. பட்டத்தை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் இந்தச் சான்று கிடைக்காது. அங்கே போய் இதற்கான பாடங்களைப் படித்தாக வேண்டும். முகவர் வேறு விதமாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கடைசிப் படி: வேலை

சிறப்புப் பள்ளிகள், வட்டார வள மையங்கள், குழந்தைகளின் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கவனிக்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் வரும் விழுதுகள் மையங்கள், தனியார் மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், குடிமீட்பு மையங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதில்லை. குடியை விட்டவருக்கு மாலைப் பொழுதுதான் கண்டம். அந்த நேரத்தை நிரப்பத் தெரிந்தவர் மிகவும் தேவைப்படுகிறார். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வட்டாரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை விசாரித்துப் போய், மாவட்டத்தில் இயங்கும் பதிவுபெற்ற நிறுவனங்கள் எவை என்று கேட்டு, நேரில் போய் விண்ணப்பம் கொடுங்கள். பணி விளம்பரத்தில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்று இருக்காது. ஓ.டி., சிறப்பாசிரியர், மறுவாழ்வுப் பணியாளர் என்றுதான் இருக்கும். விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிய திட்டம் ஒன்றையும், நோயாளியின் அடையாளம் தெரியாதபடி, இணைத்துக் கொடுங்கள்.

தொடக்கச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. பல இடங்கள் ஒப்பந்த வேலை. ஆகவே பலர் மாலையில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தருகிறார்கள். அப்படிப் போவதானால் கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் அண்ணாச்சி, சித்தப்பா என்று உறவு முறை வைத்த பிறகு பணம் கேட்க நாக்கு எழாது. வாரம் எத்தனை முறை, எத்தனை வாரம், எந்த அளவு முன்னேறினால் நிறுத்தலாம் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். போகும் வீட்டின் முகவரியையும் நேரத்தையும் உங்கள் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் சந்திப்பின்போது குடும்பத்தில் இன்னொருவர் கூட இருக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுங்கள்.